திரைக்கு வெளியே நீட்டிய கை

ஈப்போ
10 ஜனவரி 1926

அன்புள்ள மச்சான் ஹுசைன் அவர்களுக்கு, ஜைனுலாப்தீன் சலாத்துடன் எழுதுவது. இறைவன் கிருபையால் இங்கே நானும் கடையும் நலம். பாகான் செராயில் தாங்களும் என் தங்கை பல்கீஸும் உங்கள் மகள், என் மருமகள் லத்தீபாவும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன்.

பல்கீஸ் ரயிலில் நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பாள். ஒரு மாதம் இங்கே வெள்ளைக்கார டாக்டர் கையில் கிடந்து பிழைத்து வந்திருக்கிறாள். சில வருஷம் முந்தி என்றால் மையித்தாகத்தான் ரயிலேற்றியிருப்போம். இனிப்பு நீர் வியாதி இந்த அளவுக்கு முற்றினவர்களுக்கு முன்பெல்லாம் மருந்தே கிடையாதாம். பட்டினி போட்டுச் சாவைத் தள்ளிவைப்பார்களாம். இப்போது இன்சுலின் என்று ஒரு மருந்து கப்பலில் வருகிறது. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியாகப் போட வேண்டும். உயிருள்ளவரை போட வேண்டும். "உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தினால் என்னிடம் திரும்பக் கொண்டுவராதே, நேரே கபர்ஸ்தானுக்குக் கொண்டு போ" என்று டாக்டர் மலாயில் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

மருந்துக்கு நான் பொறுப்பு. ரயிலில் வந்துகொண்டே இருக்கும். ஈர மணலில் பானையைப் புதைத்து அதற்குள் வையுங்கள். ஊசி போடவும் ஆள் பார்த்து முடித்துவிட்டேன். உங்கள் ஊர் வாய்க்கால் கரையில் கார்த்திகேசு என்று ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி டிரசர் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். ஈயம் தோண்டுகிற இடங்களில் லம்பம் லம்பமாகத் தலையில் கூடை சுமந்து கருவாடு விற்ற காலத்திலிருந்து நான் எந்தச் சரக்கையும் முகர்ந்து பார்க்காமல் எடுத்ததில்லை. ஆளை ஈப்போவுக்கு வரவழைத்து, காய்ச்சின தண்ணீரை என் கையிலேயே ஊசியாகப் போடச் சொன்னேன். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. அன்றாடம் நாற்பது பேருக்கு ஊசி போடுகிற கை அது. அந்தப் பக்கத்தில் அதைவிடச் சுத்தமான கை கிடைக்காது.

காலை ஏழுக்கும் மாலை ஆறுக்கும் சைக்கிளில் வருவார். பல்கீஸ் அந்நிய ஆண் முன்னால் வரமாட்டாள், எனக்குத் தெரியும். திரை கட்டுங்கள். கையை மட்டும் வெளியே நீட்டட்டும்.

லத்தீபாவுக்குப் பாரிட் புந்தார் ஜவுளிக்கடை மைமூன் பீவி மகனைப் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல இடம். முடியுங்கள்.

தங்கள் நலம் நாடும்
ஜைனுலாப்தீன்


பாகான் செராய்
2 பிப்ரவரி 1926

பேரன்புமிக்க மச்சான் அவர்கள் சமூகத்துக்கு ஹுசைன் பணிவான சலாம். இங்கே யாவரும் சுகம். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைக்கவும்.

டிரசர் தவறாமல் வருகிறார். தெருமுனையிலேயே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வருவார். நெல் ஆலை வரைக்கும் கேட்கும். பல்கீஸ் முகம் தெளிந்திருக்கிறது. தாகம் அடங்கிவிட்டது. போன வாரம் நானே அதிசயப்படும்படி, அடுப்படியில் நின்று பாட்டு முணுமுணுத்தாள்.

கடை சுமார்தான். வெந்நீர்ச் செலவு கூடியிருக்கிறது. தேத்தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் கிளாசைக் கண்ணெதிரிலேயே வெந்நீரில் கழுவித் தரச் சொல்கிறார்கள். ஒருவர் வீட்டிலிருந்து சொந்தக் கிளாஸ் கொண்டுவருகிறார். காலம் அப்படி.

ஒரு சின்ன விஷயம். டிரசர் பின்பக்கம், கோழிக்கூட்டு வழியாக வந்தால் தேவலையா? முன்பக்கம் கூட்டமாயிருக்கிறது, சைக்கிள் நிறுத்தத் தோதில்லை. தாங்கள் ஒரு வரி எழுதினால் அவர் கேட்டுக்கொள்வார்.

மைமூன் பீவி வீட்டார் பெருநாளுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்னும் உறுதி சொல்லவில்லை. சொல்வார்கள்.

தங்கள் அன்பு மறவாத
ஹுசைன்


ஈப்போ
9 பிப்ரவரி 1926

மச்சான் ஹுசைனுக்கு சலாம். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. அதை விடும்.

கடை சுமார் என்று ஒரு வரி. முன்பக்கம் கூட்டம் என்று அடுத்த வரி. இரண்டில் எது பொய்? இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படி எழுதலாமா?

கோழிக்கூட்டு வழியாக ஏன் வர வேண்டும்? நாம் என்ன திருட்டுச் சரக்கா இறக்குகிறோம்? அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்த்தவர். கோழிப் பீயை மிதித்துக்கொண்டு வந்து அதே காலோடு ஊசி போடச் சொல்கிறீரா? முன்வாசல். ஏழு மணி. மணி அடித்துக்கொண்டுதான் வர வேண்டும். மணிச் சத்தம் கேட்டால் பல்கீஸ் அடுப்பை விட்டு எழுவாள். கார்த்திகேசுவுக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

வெந்நீருக்கு விறகு வேண்டுமென்றால் சொல்லும், ஒரு வண்டி அனுப்புகிறேன். கிளாஸ் கழுவுவதற்கெல்லாம் கடிதத்தில் கண்ணீர் விட வேண்டாம்.

இப்படிக்கு
ஜைனுலாப்தீன்


பாகான் செராய்
12 மார்ச் 1926

மச்சான் அவர்களுக்கு ஹுசைன் சலாம். யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

நோன்பு பிறக்கப்போகிறது. மருந்து கைவசம் இருக்கிறது. இந்த மாதம் அனுப்ப வேண்டாம். தங்களுக்கு வீண் சிரமம்.

மைமூன் பீவி வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெருநாள் முடிந்து வருகிறார்களாம். எல்லாம் நல்லபடியாக நடக்கிறது.

ஹுசைன்


ஈப்போ
23 மார்ச் 1926

ஹுசைனுக்கு.

சலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நீர் பொய் எழுதுவீர்.

அரிசி தீர்ந்ததா என்று எந்த வாடிக்கைக்காரனையும் நான் கேட்டதில்லை. சாப்பிடுகிறவன் தானாக வருவான். வராதவன் வேறு கடையில் வாங்குகிறான், இல்லாவிட்டால் பட்டினி கிடக்கிறான். இன்சுலினுக்கு இந்தப் பேராக் சீமையில் வேறு கடை கிடையாது. போன மாதமே தீர்ந்திருக்க வேண்டிய மருந்து உம்மிடம் மட்டும் எப்படி மிச்சமிருக்கிறது? பானைக்குள் குட்டி போடுகிறதா?

நெல் தரகர் சதாசிவத்தை உம் கடைக்கு அனுப்பினேன். நான் அனுப்பினேன் என்று சொல்லாமல் போகச் சொன்னேன். நோன்பு திறக்கிற நேரத்தில் போயிருக்கிறார். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தவுக்கே, அடுப்படித் திரை காத்துல வெலகுனப்பத்தான் பாத்தேன், அது உங்க தங்கச்சியா? வேற யாரோன்னு நெனச்சேன் லா. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. பாங்கு சொன்னதும் செம்பத் தூக்குனாங்க, கீழ வைக்கவே இல்ல. அப்புறம் இன்னொரு செம்பு. நான் எங்கேயோ பாக்குற மாதிரி திரும்பிக்கிட்டேன். வாய்க்கா கரையில கார்த்திகேசுவைக் கேட்டா, 'என்னை வர வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம், ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு'ங்கறாரு."

ஒரு மாதம்! என் தங்கையை என்ன செய்துகொண்டிருக்கிறீர்? நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று இங்கே பள்ளிவாசல் ஆலிமைக் கேட்டுவிட்டேன். அந்தச் சாக்கும் செல்லாது. நாட்டு மருந்துக்காரன் எவனாவது வேப்பிலைச் சாறு கொடுத்து ஏமாற்றினானா? உம்முடைய பெரியம்மா யாராவது வாயைத் திறந்தாளா? அல்லது, கேட்கவே நாக்குக் கூசுகிறது, அடுத்த கலியாணத்துக்கு வழி பார்க்கிறீரா?

பதில் எழுதும். இந்த முறை நிஜத்தை எழுதும்.

ஜைனுலாப்தீன்


ஈப்போ
3 ஏப்ரல் 1926

ஹுசைனுக்கு.

பதில் இல்லை. பெருநாள் தொழுகை முடிந்த கையோடு ரயிலேறுகிறேன். என் தங்கையை அழைத்துக்கொண்டு வருவேன். நீர் கதவருகே நின்றால் கதவோடு சேர்த்துத் தள்ளுவேன்.

ஜைனுலாப்தீன்


பாகான் செராய்
6 ஏப்ரல் 1926

அன்புள்ள நானாவுக்கு பல்கீஸ் சலாம். நான் சுகமில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைத் தாங்குவதற்கு.

உங்கள் மச்சானுக்கு நீங்கள் எழுதின கடிதத்தை நான்தான் பிரித்துப் படித்தேன். அடுத்த கலியாணமாம்! வெட்கமாக இல்லையா உங்களுக்கு? என் எச்சில் செம்பை அவர்தான் கழுவி வைக்கிறார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறார். அவர் உங்களுக்குப் பொய் எழுதியது நான் என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியதால். டிரசரை நிறுத்தியது நான். கேட்டுக்கொள்ளுங்கள், நான்.

அன்றாடம் நாற்பது பேருக்கு ஊசி போடுகிற கை என்று பெருமையாக எழுதினீர்களே, அந்த நாற்பது பேர் யார் என்று கேட்டீர்களா? பாகான் செராயில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பின்தெருவில் சாயம் பூசிய வீடுகள் இருக்கின்றன. அங்கே இருக்கிற பெண்களும், அங்கே போய்வருகிற ஆண்களும்தான் அந்த நாற்பது பேர். இந்த ஊரில் ஊசி என்றால் ஒரே நோய்க்குத்தான். அந்த மனிதர் நல்லவர். ஆனால் அவருடைய சைக்கிள் ஒரு வீட்டு வாசலில் நின்றால் ஊர் அந்த வீட்டைப் பற்றி வேறு எதையும் நினைக்காது. காலையும் மாலையும் நிறுத்தினீர்கள். போதாதென்று மணி வேறு அடிக்கச் சொன்னீர்கள்.

எதிர்வீட்டுக் காளியம்மா பால் கொண்டுவந்தபோது என்ன கேட்டாள் தெரியுமா? "என்னக்கா, ஒங்க வீட்டுக்காரரு எங்க போயி என்னத்தக் கொண்டாந்து ஒங்க தலையில கட்டுனாரு?" கேட்டுவிட்டுச் சிரித்தாள். பால் பாத்திரத்தை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். ஐந்து வேளை தொழுகிற மனுஷன் அவர். பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் தோள் படாமல் தள்ளி நிற்கிறார். கிளாசை எதற்கு வெந்நீரில் கழுவச் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறதா? அவர் எழுதினார். நீங்கள் விறகு அனுப்புகிறேன் என்றீர்கள்.

இனிப்பு நீர் என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நம் உம்மா அதில்தான் மௌத்தானார். எனக்கு வந்தது. நாளைக்கு லத்தீபாவுக்கும் வரும் என்று ஜனங்கள் சொல்வார்கள். எவள் அவளை மருமகளாக எடுப்பாள்? சொல்லாவிட்டால் அந்தப் பழி. சொன்னால் இந்தப் பழி.

வருகிற 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மைமூன் பீவி நிச்சயத்துக்கு வருகிறார். நம் ஜனங்கள் வழக்கம் உங்களுக்கு மறந்திருக்கும். பெண்ணைப் பெற்றவள் சர்பத்தில் பாதியைக் குடித்துவிட்டு, அதே கிளாசை மாப்பிள்ளையைப் பெற்றவள் கையில் கொடுப்பாள். மீதியை அவள் குடித்தால்தான் பேச்சு முடிந்தது. அந்தச் சைக்கிள் என் வாசலில் நின்றுகொண்டிருந்தால் என் உதடு பட்ட கிளாசை அவள் தொடுவாளா? அதனால்தான் நிறுத்தினேன். மணிச் சத்தம் நின்றதும் ஊர் வாயும் கொஞ்சம் நின்றது. என் கிளாசிலிருந்து மைமூன் பீவி ஒரு வாய் குடித்துவிடட்டும். அப்புறம் உங்கள் ஊசியைக் கண்ணில்கூடப் போட்டுக்கொள்கிறேன்.

மருந்து நீங்கள் வாங்கினீர்கள். ஆள் நீங்கள் பிடித்தீர்கள். நேரம் குறித்தீர்கள். எந்த வாசல் என்பதையும் நீங்களே குறித்தீர்கள். கை மட்டும் என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பல்கீஸ்


ஈப்போ
9 ஏப்ரல் 1926

பல்கீஸுக்கு.

நானாவின் சலாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையை நேரத்தோடு சாத்திவிட்டேன். இதற்கு முன் அப்படிச் சாத்தினது நம் உம்மா மௌத்தான அன்றைக்குத்தான்.

கோபமாக இருக்கிறேன். யார்மேல் என்று கேட்காதே. அந்தக் காளியம்மாமேல், தோளை நகர்த்தினவன்மேல், உன்மேலும்தான். 25ஆம் தேதி வரை உன் உடம்பு பொறுக்காது, பைத்தியக்காரி. போய் டாக்டரைப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேலாக ஊசி இல்லை என்று சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சர்பத்தைக் குடித்தால் அன்று இரவே மயங்கிவிடுவாயாம். எழுந்திருப்பாய் என்று அவரால் சொல்ல முடியாதாம்.

கேள். நான் பாரிட் புந்தாருக்குப் போகிறேன். மைமூன் பீவி புருஷனை எனக்குத் தெரியும், ஜவுளி ஏலத்தில் பழக்கம். டாக்டர் சீட்டைக் காட்டி, இது இன்ன வியாதி என்று ஆண்பிள்ளையாக நேரே பேசி முடிக்கிறேன். பிடிக்காவிட்டால் போகட்டும், வேறு இடம் பார்ப்போம். அதுவும் வேண்டாமென்றால், சர்பத்தில் சீனியைப் போடாமல் கலக்கு. யாருக்குத் தெரியப்போகிறது?

இன்றைக்கே கார்த்திகேசுவைக் கூப்பிடு.

நானா


பாகான் செராய்
13 ஏப்ரல் 1926

நானாவுக்கு சலாம்.

சீனி போடாத சர்பத்தின் மீதியை மைமூன் பீவிதானே குடிப்பார்? அவருக்கு நாக்கு இல்லையா? கடையில் இருபது வருஷம் உட்கார்ந்தவர் பேசுகிற பேச்சா இது?

நீங்கள் பாரிட் புந்தாருக்குப் போனாலும் சரி, பெருநாளைக்கு இங்கே வந்தாலும் சரி, என் ஜனாஸாவைத்தான் தூக்குவீர்கள். இது சத்தியம். மறுபடியும் எனக்காக எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள்.

நோன்பில் ஒன்றும் சாப்பிடாததால் உயிர் ஓடுகிறது. இன்னும் கொஞ்ச நாள்தான்.

பல்கீஸ்


பாகான் செராய்
29 ஏப்ரல் 1926

மதிப்பிற்குரிய மாமாவுக்கு லத்தீபா சலாத்துடன் எழுதுவது. உம்மா உயிரோடு இருக்கிறார்கள். மற்றதைப் படிப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வாப்பா எழுத உட்கார்ந்தார், முடியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை உம்மா தலையணைக்கடியில் வைத்திருந்தார்கள். நிச்சயத்தன்று விடியற்காலையில் பாய் தட்டும்போது என் கையில் கிடைத்தது. அதுவரை, வியாதி தேறிவிட்டது, இது நோன்பு இளைப்பு என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று காலையில் உம்மா இரண்டு தரம் வாந்தி எடுத்தார்கள். மூச்சில் அழுகின பழத்தின் வாசனை வந்தது. அத்தரைப் பூசி மறைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள்.

மைமூன் பீவி உம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சம்பந்தி, துரும்பா எளச்சிட்டீங்க? ஒங்க வாசல்ல என்னமோ சைக்கிள் மணி கேக்கும்னு சொன்னாங்க. இப்பக் கேக்கறதில்லையோ?"

"கடைக்கு வர்றவங்க சைக்கிளா இருக்கும்" என்றார்கள் உம்மா.

சர்பத் வந்தது. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு உம்மாவின் கையையே பார்த்தார்கள். கிளாஸ் உதட்டுக்குப் போகிற சமயத்தில் நான் பிடுங்கினேன், மாமா. பிடுங்குவேன் என்று எனக்கே தெரியாது.

"எங்க உம்மாவுக்கு இனிப்பு நீர். உம்மாவோட உம்மாவுக்கும் இருந்துச்சு. நாளைக்கு எனக்கும் வரலாம். அந்த ஊசி அதுக்குத்தான், வேற எதுக்கும் இல்ல. இதக் குடிச்சா உம்மா செத்துருவாங்க. நான் குடிக்கிறேன்" என்றேன். பாதியைக் குடித்துவிட்டுக் கிளாசை மைமூன் பீவியிடம் நீட்டினேன். "மிச்சத்த நீங்க குடிங்க, மாமி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. உம்மாவைத்தான் பார்த்தார். "பொண்ணு பேசுற எடமா இது?" என்று கேட்டார். கிளாசைத் தொடவில்லை. வெற்றிலைத் தட்டையும் தொடவில்லை. எழுந்துவிட்டார்.

உம்மா என்னை அறைந்தார்கள். உடம்பில் அதற்குத்தான் பலம் மிச்சமிருந்தது போலிருக்கிறது. அறைந்த கையோடு பாயில் சாய்ந்தார்கள். கூப்பிட்டால் பேச்சில்லை.

வாப்பா செருப்புக்கூடப் போடாமல் வாய்க்கால் கரைக்கு ஓடினார். அவர் டிரசரோடு திரும்பி வரும்போது மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் இன்னும் வாசலில்தான் நின்றார்கள். வாப்பா சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அன்றைக்குத் தெருவே கேட்டது. "ஆமா! ஊசிக்காரர்தான்! எங்க வீட்டுக்குத்தான்! நல்லாப் பாத்துக்குங்க, பாத்துட்டு வழிய விடுங்க!"

திரை கட்ட நேரமில்லை. கார்த்திகேசு ஐயா உள்ளே வந்து உம்மாவின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகை நேரத்துக்குத்தான் உம்மா கண் திறந்தார்கள். அதன் பிறகு ஐயா எனக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார். பச்சை வாழைக்காயில் குத்திக் குத்திப் பழகினேன். "இனி நான் வரத் தேவையில்லை, பிள்ளை. ஒருத்தரும் வாசலைப் பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மணி அடிக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

பாரிட் புந்தார்ச் சம்பந்தம் முறிந்துவிட்டது. எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். அவரை ஒரு தரம் பார்த்திருக்கிறேன்.

உம்மா என்னோடு பேசுவதில்லை. ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். கையை மட்டும் நீட்டுகிறார்கள்.

லத்தீபா


ஈப்போ
5 மே 1926

மருமகள் லத்தீபாவுக்கு மாமாவின் சலாம்.

உன் கடிதத்தை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

வாய் நீளமான பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று இங்கே உள்ளவர்கள் சொல்கிறார்கள். கிடைப்பவன் கிளாசை நீட்டினால் குடிக்கிறவனாக இருப்பான் என்று நான் சொன்னேன். பாரிட் புந்தார் ஜவுளியை இனி என் வீட்டில் யாரும் உடுத்தப்போவதில்லை. போனால் போகட்டும், அவர்கள் துணி இரண்டு தோய்ப்புக்குத் தாங்காது. இது கோபத்தில் சொல்வதில்லை, சரக்கைப் பார்த்துச் சொல்வது.

உன் வாப்பாவுக்கு நான் எழுதின ஒரு வரி இருக்கிறது. எது என்று அவருக்குத் தெரியும். அந்தத் தாளை அடுப்பில் போடச் சொல். என் மச்சான் தெருவில் சத்தம் போட்டதை அருகிலிருந்து கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

மருந்து அனுப்பியிருக்கிறேன். அடுத்தது எப்போது, எவ்வளவு, யார் கையில் என்பதை உன் உம்மா சொல்லட்டும். அவள் சொல்லாமல் இனி ஒரு புட்டியும் ரயிலேறாது. நான் பிடிவாதக்காரன் என்று அவளுக்குத் தெரியும். அவளும் என் தங்கைதான். பார்ப்போம்.

மாமா


பாகான் செராய்
2 ஜூன் 1926

நானாவுக்கு பல்கீஸ் சலாம். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்க்கவும்.

மருந்து வருகிற வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் காணும். போன தடவை அனுப்பின அதே அளவு அனுப்புங்கள். ஸ்டேஷனில் உங்கள் மச்சான் வாங்கிக்கொள்வார். சதாசிவத்தை வேவு பார்க்க அனுப்ப வேண்டாம். நான் எத்தனை செம்பு தண்ணீர் குடிக்கிறேன் என்று கேட்டால் நானே சொல்வேன்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். கடிதம் எழுதுவதைப் பேசுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடையில் கிளாசை இன்னும் சிலர் கழுவச் சொல்கிறார்கள். உங்கள் மச்சான் இப்போது, "கழுவாமத்தான் குடுப்பேன், வேணும்னா குடி, இல்லேன்னா எடத்தக் காலி பண்ணு" என்கிறார். வியாபாரம் குறைந்திருக்கிறது. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறார்.

போன வாரம் இருட்டின பிறகு காளியம்மா கோழிக்கூட்டுப் பக்கமாக வந்து நின்றாள். "அக்கா, எங்க வீட்டுக்காரரு ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதுக்கா. ஒங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சாக்கா?" என்று ரகசியமாகக் கேட்டாள். பகலில், முன்வாசல் வழியாக வந்து கேள், சொல்கிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னும் வரவில்லை. உங்கள் டாக்டரிடம் எதற்கும் விசாரித்து வையுங்கள்.

லத்தீபாவோடு நான் இன்னும் பேசவில்லை. நாலு பேர் முன்னால் என் கையிலிருந்து கிளாசைப் பிடுங்கினவள் அவள். அவளுக்கு நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். இடது கை தழும்பேறி வலிக்கிறது. உங்கள் கடிதம் அவள் கைக்கு வந்த மறுநாள் காலையிலிருந்து வலது கையை நீட்டுவேன். அவள் சுவர்ப்பக்கம் வந்து, என் முகத்துக்கு நேரே உட்கார வேண்டும் என்று எழுதுங்கள்.

பல்கீஸ்